கேள்வி–பதில்: ஊட்டி மலை ரயில்

விடுமுறைக் காலம் நெருங்கினாலே ஊட்டி ரயில் பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வரும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, மீதியை ஊர்ப் பெயரோடு இங்கே தந்திருக்கிறோம்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்தான். அதற்குப் போய் ஐந்து மணி நேரமா? இந்தக் காலத்தில் வேகத்தைக் கூட்ட முடியாதா? (ஈரோடு வாசகர்)

காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் ஊட்டி சேர்கிறது. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் இந்தப் பாதையை ஒரே பாதையாக நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். அது மூன்று துண்டு.

மேட்டுப்பாளையம் முதல் கல்லாறு வரை அடிவாரம். சாதாரண ரயில் போலத்தான் ஓடும். கல்லாறில் இருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயர வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏறியிருப்பீர்கள். குன்னூரைத் தாண்டியதும் ஏற்றம் பாதியாகக் குறைந்து, சுமார் 25-க்கு ஒன்று என்று ஆகிவிடும்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் பிடித்து ஏறுவதற்கு ஓர் எல்லை உண்டு. 12-க்கு ஒன்று என்ற ஏற்றத்தில், அதுவும் பனியும் தூறலும் நனைத்த தண்டவாளத்தில், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால்தான் நடுத் துண்டில் மட்டும் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்கொன்று 44 மில்லிமீட்டர் இடைவெளி. தண்டவாளத்தின் மேல்மட்டத்தைவிட 64 மில்லிமீட்டர் உயரம். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரங்கள் இந்தச் சட்டத்தைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றன. குன்னூர் ரயில் நிலையத்துக்குக் கீழே எங்காவது ரயில் நிற்கும்போது தண்டவாளத்தின் நடுவே பாருங்கள். ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேராக அடுத்த சட்டத்தில் பள்ளம் இருக்கும். வேண்டுமென்றே அப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஏணியில் ஏறுகிறவர் ஒரு காலை ஊன்றிய பிறகே மறுகாலை எடுப்பதைப் போல, ஒரு பல் விடுபடும்போது இன்னொன்று முழுப் பிடியில் இருக்கும்.

வேகம் இங்கேதான் அடிபடுகிறது. பல்லும் பல்லும் உரசி ஓடும் அமைப்பை வேகமாக ஓட்டினால் முதலில் தேய்மானம், அப்புறம் பல் உடையும். கல்லாறில் பல்சட்டம் தொடங்கும் இடத்தில் ரயில் கிட்டத்தட்ட நின்றே நுழையும். அந்த முதல் துண்டு மட்டும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தின் பல் நேராகப் பொருந்தாவிட்டால் அமுங்கிக் கொடுத்து, பொருந்தியதும் எழும்பும். அதோடு ஏறும் வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு மாதிரி இடங்களில் நிற்க வேண்டும். நீராவி இன்ஜின் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் மலை ஏறும். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம்தான் முக்கியம் என்றால் பஸ் இருக்கிறது.

இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னால் இருந்து தள்ளுகிறதே, ஏன்? (திருச்சி வாசகர்)

இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. முன்னால் இருந்து இழுக்கும்போது இணைப்புக் கொக்கி அறுந்தால் பெட்டிகள் மலைச்சரிவில் பின்னோக்கி ஓடிவிடும். கீழே இருந்து தள்ளினால் எது அறுந்தாலும் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். இறங்கும்போதும் அதே இன்ஜின் அதே கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளை அணைத்தபடி இறங்குகிறது.

இதில் ஒரு சிக்கல்: ஏறும்போது டிரைவருக்கு முன்பக்கம் தெரியாது. அதற்காக முதல் பெட்டியின் முகப்பில் ஒரு ரயில்வே ஊழியர் கொடியோடு நிற்பார். பாதையில் கல், மரம், யானை எது தெரிந்தாலும் அவர் சிவப்புக் கொடி காட்டுவார். மற்றப் பெட்டிகளின் மேடையில் நிற்கும் பிரேக்மேன்களுக்கும் கொடி உண்டு. இப்படிக் கொடி வழியாகவே தகவல் பின்னால் உள்ள டிரைவர் வரை போகும். வெறும் அலங்காரம் என்று நினைத்து அவர்களோடு செல்ஃபி எடுக்க நெருக்கியடிக்க வேண்டாம். வளைவுகளில் அவர்கள்தான் டிரைவரின் கண்.

பிரேக் விஷயம் இன்னும் சுவையானது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன். அவர் கையில் இரண்டு பிரேக்: ஒன்று ஓடும் சக்கரத்துக்கு, மற்றது பல்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரத்துக்கு. இன்ஜினில் இவை போதாதென்று இன்னொரு ஏற்பாடும் உண்டு. இறங்கும்போது நீராவியை அடைத்துவிட்டு, சிலிண்டர்களைக் காற்று அமுக்கும் பம்பு போல வேலை செய்ய வைப்பார்கள். காற்றை அமுக்குவதில் இன்ஜினின் வேகம் செலவாகிவிடும். பிரேக் கட்டை தேயாது. அமுக்கிய காற்று சூடேறும் என்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். நீராவி அடைத்திருக்கும்போதும் இறக்கத்தில் ஆவி சீறி வருவது அதனால்தான். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் நிக்கலாஸ் ரிக்கன்பாக். அவர் பெயர் அடுத்த பதிலிலும் வரும்.

ஊட்டி ரயில் 1899-இல் வந்தது என்று ஒரு புத்தகம், 1908 என்று இன்னொன்று. எது சரி? (மதுரை வாசகர்)

இரண்டும் சரி. மேட்டுப்பாளையம்–குன்னூர் திறந்தது 1899 ஜூன் 15. குன்னூருக்கு மேலே ஃபெர்ன்ஹில் வரை 1908 செப்டம்பரில் வந்து, அடுத்த மாதம் அக்டோபர் 15 அன்று ஊட்டியைத் தொட்டது. இடையில் ஒன்பது ஆண்டுகள் குன்னூர்தான் கடைசி ஸ்டேஷன்.

யோசனை அதைவிடப் பழையது. 1854-லேயே மலை ரயில் பேச்சு எழுந்துவிட்டது. 1873-இல் அகலப்பாதை மேட்டுப்பாளையம் வரை வந்து சேர்ந்ததும், அடிவாரம் வரை ரயிலில் வந்துவிட்டு அப்புறம் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் என்ற நிலை எல்லோருக்கும் உறுத்தியது. 1882-இல் சுவிட்சர்லாந்தின் ரிக்கன்பாக், பல்சட்ட ரயிலில் அன்று பேர்போன ஆள், நீலகிரிக்கு ஒரு திட்டம் கொடுத்தார். அதை நம்பிக் கம்பெனி தொடங்கி, 1891 ஆகஸ்டில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். (ஊட்டிக்குப் பக்கத்தில் வென்லாக் டவுன்ஸ் என்று சொல்கிறோமே, அந்த வென்லாக்தான்.) மூன்றே ஆண்டில், 1894-இல், பணம் தீர்ந்து கம்பெனி மூடப்பட்டது. 1896-இல் புதிய கம்பெனி வந்து அரைகுறை வேலையை எடுத்துக்கொண்டு குன்னூர் வரை முடித்தது. 1903-இல் அரசாங்கமே பாதையை வாங்கிய பிறகுதான் ஊட்டி நீட்டிப்பு நடந்தது.

திட்டம் ரிக்கன்பாக்குடையது, பாதையில் பதித்த பல்சட்டமோ ரோமன் ஆப்ட் என்பவருடைய முறை. ஆப்ட், ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்தவர். குருவின் முறையில் ஏணிப்படி போன்ற ஒற்றைச் சட்டம். சீடர் அதை மாற்றி, பற்கள் விலகி நிற்கும் தனித்தனிச் சட்டங்களாக ஆக்கினார். வளைவுகள் மிகுந்த மலைக்கு இது தோதாக அமைந்தது. இந்தியாவில் பல்சட்டத்தில் ஓடும் பாதை இது ஒன்றுதான். டார்ஜிலிங், சிம்லா ரயில்களுக்கெல்லாம் பல்சட்டம் கிடையாது. அவை வளைந்து சுற்றியே ஏறுகின்றன.

நீராவி இன்ஜின் என்று சொல்லிவிட்டு டீசலில் கூட்டிப்போகிறார்களே, ஏமாற்று இல்லையா? (நாகர்கோவில் வாசகர்)

ஏமாற்று இல்லை. பல்சட்டம் உள்ள மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்கு நீராவி. குன்னூரில் இன்ஜின் மாற்றி, ஊட்டிக்கு டீசல். முழு வழியும் நீராவி என்று விளம்பரம் செய்பவர்கள் சுற்றுலா ஏஜெண்டுகள், ரயில்வே இல்லை.

கீழ்ப்பகுதியில் ஓடுவது ‘எக்ஸ்’ வகை இன்ஜின். பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டியவை. 1914 முதல் 1925 வரை பன்னிரண்டு, 1952-இல் ஐந்து. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள் தெரியும்; மறுபக்கமும் அப்படியே, ஆக நான்கு. கீழ் சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். அதில் வேலை பார்த்து அழுத்தம் குறைந்த நீராவி, மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. கல்லாறு வரும் வரை மேல் தண்டுகள் அசையாமல் இருக்கும். பல்சட்டம் தொடங்கியதும் அவையும் ஓட ஆரம்பிக்கும், சத்தமும் மாறும். மேட்டுப்பாளையத்தில் பெட்டி ஏறுவதற்கு முன்னால் பின்பக்கம் நடந்து போய் ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு ஏறினால், கல்லாறில் காதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எரிபொருள் கதை வேறு. நிலக்கரி தரம் குறைந்தால் நீராவி அழுத்தம் ஏறாது. ரயில் நடுமலையில் நின்று அழுத்தம் சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். காட்டுக்குள் தீப்பொறி பறக்கும் பயமும் உண்டு. இதனால்தான் எண்ணெய் எரிக்கும் இன்ஜின்களுக்கு மாறினார்கள். 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனை எண்ணெயில் ஓடும் எக்ஸ் இன்ஜின்களைப் புதிதாகவே கட்டித் தந்தது. பிறகு 2021-இல் அதே பணிமனை நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டியது. நூறு வருஷத்துக்கு முந்தைய வடிவத்தில் இன்று புதிய நீராவி இன்ஜின் கட்டும் ஊர் உலகில் அதிகம் இல்லை. திருச்சிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

டிக்கெட் கிடைப்பதே இல்லை. என்னதான் செய்வது? (சென்னை வாசகர்)

முதலில் காரணம். எக்ஸ் இன்ஜின் அந்த ஏற்றத்தில் தள்ளக்கூடியது நான்கைந்து சிறிய பெட்டிகளைத்தான். கூட்டம் வருகிறது என்று பத்துப் பெட்டி மாட்ட முடியாது. ஆக இடம் எப்போதும் குறைவு, கேட்பவர்கள் எப்போதும் அதிகம்.

முன்பதிவு 60 நாள் முன்பு, பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல், காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாள் இருந்தது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஏமாற வேண்டாம். தேடும்போது ‘ஊட்டி’ என்று போடாமல் உதகமண்டலம் என்ற ஸ்டேஷன் பெயரைத் தேர்ந்தெடுங்கள், குறியீடு யூஏஎம். மேட்டுப்பாளையம் எம்டிபி, குன்னூர் ஓஎன்ஆர். ஏறும் ரயில் 56136, இறங்குவது 56137.

நிறையப் பேர் விட்டுவிடும் வழி ஒன்று: ஏறுவதற்குப் பதிலாக இறங்குவதற்குப் பதிவு செய்யுங்கள். ஊட்டியில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.35 வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். அதே பாலம், அதே சுரங்கம், ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். எல்லோரும் ஏறத்தான் துடிப்பார்கள் என்பதால் இதில் இடம் கிடைக்க வாய்ப்பு கூடுதல். மேலே போக பஸ் பிடித்துக்கொள்ளலாம். சொந்தக் காரில் நீலகிரி போவோருக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போவோருக்கு அது தேவையில்லை.

இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால், அது தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்து ஏற முடியாது. காலை ரயில் என்பதால் சார்ட் முந்தின இரவே தயாராகிவிடும். அதைப் பார்த்த பிறகு மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்புவது நல்லது. முன்பதிவில்லாத சில இடங்களுக்கு மேட்டுப்பாளையம் கவுண்டரில் டிக்கெட் கொடுப்பது உண்டு. ஆனால் விடுமுறை நாளில் குழந்தை குட்டிகளோடு அதை நம்பி விடிகாலையில் வரிசையில் நிற்பது சூதாட்டம்.

சென்னையில் இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் போய் மலை ரயிலைப் பிடிக்கலாம் என்கிறார்கள். அது தாமதமானால்? (விழுப்புரம் வாசகர்)

12671 நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் சென்ட்ரலில் கிளம்பி, காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட இடைவெளி இல்லை. இரண்டு டிக்கெட்டுகளையும் தனித்தனியாக எடுத்திருந்தால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பணம் போனது போனதுதான். இதைத் தவிர்க்க, மலை ரயில் டிக்கெட்டைப் பதிவு செய்யும்போதே முதல் ரயிலின் பிஎன்ஆரோடு இணைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் இந்த வசதி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால் என்றால் இணைப்பு ஏற்காது. தாமதத்தால் மலை ரயிலைத் தவறவிட்டால், கவுண்டர் டிக்கெட்டை முதல் ரயில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்; இ-டிக்கெட்டுக்கு இணையத்தில் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும்.

இவ்வளவு கவலை வேண்டாம் என்பவர்கள் முந்தின நாளே கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிடலாம்.

நவம்பர் மாதம் போகலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

மலை பச்சைப்பசேல் என்று இருக்கும். ரயில் ஓடுமா என்பது வேறு விஷயம். வடகிழக்குப் பருவமழை காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறு–குன்னூர் பகுதியில் மண் சரிவதும் பாறை உருள்வதும் மரம் சாய்வதும் வாடிக்கை. 2009 நவம்பர் மழையில் பாதை பல இடங்களில் பெயர்ந்து, சேவை மாதக்கணக்கில் நின்றுபோனது.

சாதாரணப் பாதையில் விழுந்த மண்ணை அள்ளிப் போட்டால் ரயில் போய்விடும். இங்கே அப்படி முடியாது. பல்சட்டத்தின் பற்களுக்கு நடுவே ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தாலே பல்சக்கரம் அதன்மேல் ஏறி, பல் உடையும் ஆபத்து உண்டு. அதனால் சரிவை அகற்றிய பிறகும் சட்டத்தை அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்து சோதித்த பின்தான் ரயில் விடுவார்கள். ‘மழை நின்று இரண்டு நாள் ஆச்சு, இன்னும் ஏன் விடவில்லை’ என்று கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ரயிலே ரத்தானால் முழுப் பணமும் உண்டு. இ-டிக்கெட்டுக்குத் தானாக வரும், எதுவும் செய்ய வேண்டாம். கவுண்டரில் எடுத்தவர்கள் மூன்று நாளுக்குள் கவுண்டருக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு நீங்களே ‘கேன்சல்’ அழுத்திவிடாதீர்கள், பிடித்தம் போகும். ரயில்வே ரத்து அறிவிக்கும் வரை பொறுங்கள்.

வயதான பெற்றோரைக் கூட்டிப்போகலாமா? (சேலம் வாசகர்)

போகலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. தண்ணீர் பிடிக்க நிற்கும் ஸ்டேஷன்களில்தான் இறங்க வேண்டும். ஹில்குரோவில் டீயும் கிடைக்கும். சர்க்கரை நோய்க்காரர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்கேற்பத் திட்டமிட வேண்டும். இருக்கைகள் நெருக்கமானவை, பெரிய பெட்டி படுக்கைக்கு இடமில்லை. மேட்டுப்பாளையத்தில் புழுக்கமாக இருக்கிறது என்று ஸ்வெட்டரை அடியில் போட்டுவிடாதீர்கள். 326 மீட்டரில் கிளம்பி 2,200 மீட்டருக்கு மேலே போகிறீர்கள்.

யுனெஸ்கோ அங்கீகாரம் எப்போது கிடைத்தது? (புதுக்கோட்டை வாசகர்)

2005 ஜூலை. டார்ஜிலிங் ரயில் 1999-இல் பட்டியலில் சேர்ந்தது. நீலகிரி அதன் நீட்டிப்பாகச் சேர்க்கப்பட்டது. 2008-இல் கால்கா–சிம்லாவும் சேர்ந்து, இன்று மூன்றும் ‘இந்திய மலை ரயில்கள்’ என்ற ஒரே பெயரில் இருக்கின்றன.

பிராட் கேஜ் ஆக்கிவிட்டால் சென்னையில் இருந்து நேராக ஊட்டிக்கே ரயில் வருமே? (பொள்ளாச்சி வாசகர்)

வராது. பிராட் கேஜ் ரயிலுக்கு இந்த வளைவும் ஆகாது, இந்த ஏற்றமும் ஆகாது. புதிதாகப் பாதை போட்டால் மலையைப் பல மடங்கு சுற்றி, பல மடங்கு சுரங்கம் வெட்ட வேண்டும். மண் சரியும் மலையில், யானைகள் கடக்கும் கல்லாறு காட்டில், யாரும் அதைத் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. இந்த மீட்டர் கேஜை விட்டுவைத்தது சரியான முடிவு.

முழுப் பயணத்துக்கு நேரமில்லை. குன்னூர்–ஊட்டி மட்டும் போனால் போதுமா? (கோவை வாசகர்)

ரயிலின் இயந்திர அற்புதத்தைப் பார்க்க வேண்டுமானால் போதாது. பல்சட்டம் முழுக்கக் குன்னூருக்குக் கீழேதான். மலையைப் பார்த்தால் போதும் என்றால் தாராளமாகப் போகலாம். நாளொன்றுக்குப் பல தடவை டீசல் ரயில் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெலிங்டனில் ராணுவம், அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு காரணம் உண்டு. கேத்தியில் பள்ளத்தாக்கு விரியும். லவ்டேல்தான் இந்தப் பாதையின் மிக உயரமான ஸ்டேஷன்; அதற்கப்புறம் ஊட்டிக்கு ரயில் இறங்கித்தான் போகும். கூட்டம் வேண்டாம் என்றால் சனி, ஞாயிறைத் தவிர்த்து ஊட்டியில் இருந்து கிளம்பும் காலை ரயிலில் குன்னூருக்கு இறங்குங்கள்.